கேட்டது கோட்டையிடம், எரிந்தது காலனி



மூலக்குளத்திலிருந்து ஒரு வாசகி போன மாதம் கடிதம் எழுதியிருந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தங்கள் சமுதாயத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு எங்கேயோ மறியலாம். தெருவுக்கே வேன் வந்து அழைத்துப் போகிறதாம். “நம்ம பிள்ளைங்க உரிமைக்குத்தான போறான், வேணாம்னு சொன்னா தப்பாயிடுமா? சரி போயிட்டு வான்னு அனுப்பினா, நல்லபடியா வீடு வந்து சேருவானா?” என்று கேட்டிருந்தார்.

எந்தச் சமுதாயம் என்று அவர் எழுதவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை. எந்தத் தெருவிலிருந்தும் எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

நம் புதுச்சேரி எப்படி அமைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்திரா காந்தி சிலை தாண்டி விழுப்புரம் சாலையில் பஸ் போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனையும் மதகடிப்பட்டும் புதுச்சேரி. வளவனூர் வந்தால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பங்கு பிரித்துப் போன லட்சணம் அது. எந்தத் திசையில் கிளம்பினாலும் தமிழ்நாட்டுச் சாலையை மிதிக்காமல் நாம் எங்கும் போக முடியாது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் சாலை நின்றுபோனால் புதுச்சேரி ஒரு தீவு.

1987 செப்டம்பர் 17 முதல் 23 வரை ஒரு வாரம் அந்தச் சாலைகள் நின்றன. வன்னியர் சங்கம் அறிவித்த தொடர் சாலை மறியல் அது. மாநிலத்தில் 20 சதவீதம், மத்தியில் 2 சதவீதம் தனி ஒதுக்கீடு வேண்டும் என்பது கோரிக்கை. சாலையோர மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் உயிரிழந்தவர்கள் 21 பேர். சித்தணி, முண்டியம்பாக்கம், பாப்பனப்பட்டு, கோலியனூர் என்று அவர்களுடைய ஊர்ப் பெயர்களைப் படித்தால் நமக்கு எதுவும் தூரமாகத் தெரியாது. எல்லாமே நம் பஸ் ஜன்னலில் பார்க்கிற ஊர்கள்.

கோரிக்கையில் நியாயம் இருந்ததா? இருந்தது என்றுதான் சொல்வேன். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 ஆக்கியது. ஆனால் அந்த ஒரே பட்டியலுக்குள் படிப்பிலும் வசதியிலும் முன்னால் நின்றவர்களும் இருந்தார்கள், சவுக்குத் தோப்பிலும் கரும்புக் காட்டிலும் கூலி வேலை செய்தவர்களும் இருந்தார்கள். பந்தி ஒன்றுதான், ஆனால் கடைசி வரிசைக்கு வரும்போது அண்டா காலி. அதே 1980-ல் மருத்துவர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தைத் தொடங்கியபோது வட தமிழகத்துக் கிராமங்கள் அவர் பின்னால் திரண்டதற்குக் காரணம் வெறும் சாதிப்பற்று மட்டும் இல்லை. அந்தக் காலி அண்டாவும்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். இந்தக் கோரிக்கை யாரிடம் வைக்கப்பட்டது? சென்னையில் கோட்டையிடம். யாருடைய பங்கிலிருந்து கேட்கப்பட்டது? பிற்படுத்தப்பட்டோரின் 50 சதவீதத்துக்குள்ளிருந்து. தாழ்த்தப்பட்டோருக்கான 18 சதவீதம் அதில் வரவே இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை, குறைக்கச் சொல்லவும் இல்லை. கணக்குப்படி பார்த்தால் அந்த ஒரு வாரத்தில் தலித் மக்களுக்கும் இந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆனால் எரிந்தது அவர்களுடைய குடிசைகள். தென்னாற்காட்டில் கிராமம் கிராமமாக.

எப்படி இப்படி ஆகிறது? கோட்டை தூரத்தில் இருக்கிறது. தலித் மக்களின் காலனி சாலை ஓரத்தில் இருக்கிறது. மறியலில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு அமைச்சர் தெரிய மாட்டார், அதிகாரி தெரிய மாட்டார். சைக்கிளில் வேலைக்குக் கிளம்புகிற காலனி ஆள்தான் தெரிவார். தினக்கூலிக்காரர் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? “ஊரே உக்காந்திருக்கு, நீ மட்டும் எங்க போற?” என்று ஒரு குரல். அவர் பதில் சொன்னால் திமிர், சொல்லாவிட்டால் அலட்சியம். வரப்புத் தகராறு, கூலித் தகராறு, கோயில் தகராறு என்று பழைய பாக்கி எல்லாம் அந்த நேரம் பார்த்துத் தலைதூக்கும். அப்புறம் யாரோ யாரையோ அடித்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி பரவும். இன்று செல்போன் இருக்கிறது. அன்று அது இல்லாமலேயே பரவியது. பொழுது சாய்ந்தால் கூரை பற்றிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். அந்தப் போராட்டத்தைக் கிண்டல் செய்ய நினைப்பவர்கள் இன்றுவரை மரம் வெட்டியதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு போராட்டம் நடத்தியவர்களை விடாமல் துரத்தியது. பசுமைத் தாயகம் என்று ஓர் அமைப்பே நடத்தி மரக்கன்று நட்டார்கள். ஆனால் குடிசை எரிந்ததைக் கிண்டல் செய்பவர்களும் பேசுவதில்லை, கொண்டாடுபவர்களும் பேசுவதில்லை. உயிர்விட்ட 21 பேருக்கு விழுப்புரத்தில் அரசு எழுப்பிய மணிமண்டபத்தை 2025 ஜனவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். நியாயமான மரியாதைதான். அதே வாரத்தில் வீடிழந்தவர்களுக்கு ஒரு கல் நட்டிருப்பதை நான் எங்கும் பார்த்ததில்லை.

இது தென்னாற்காட்டின் தனிக் குணமா என்றால், இல்லை. அகமதாபாத்தைப் பாருங்கள்.

1985 தொடக்கத்தில் குஜராத்தில் மாதவ்சிங் சோலங்கி அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 10 சதவீதத்திலிருந்து 28 ஆக உயர்த்தியது. மேல்சாதி மாணவர்களும் பெற்றோர்களும் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரியில் ஆரம்பித்தது மாணவர் போராட்டம். மார்ச் மாதம் அதே நகரத்தில் இந்து முஸ்லிம் கலவரம். மாதக்கணக்கில் ஊரடங்கு, ராணுவம், நூற்றுக்கணக்கில் சாவு. இட ஒதுக்கீட்டுச் சண்டையில் முஸ்லிம்களுக்கு என்ன பங்கு? ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. கடைசியில் ஜூலையில் சோலங்கி பதவி விலகினார், உயர்த்திய ஒதுக்கீடும் போனது.

இதில் பிடிபடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதே குஜராத்தில் 1981-ல் மருத்துவ மேற்படிப்பு இடங்களுக்காக நடந்த எதிர்ப்பில் அடி வாங்கியவர்கள் தலித்துகள். நான்கு ஆண்டு கழித்துத் தகராறு மேல்சாதிக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் என்று மாறியது. இரண்டு பேருமே இந்துக்கள், இரண்டு பேருமே பெரிய ஓட்டு வங்கி. அந்தச் சண்டை வளர்ந்தால் ஒரே மேடையில் எல்லாரையும் உட்காரவைக்க முடியாது. அப்போது இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு ‘வேறு ஆள்’ கிடைத்தால் எத்தனை வசதி? ஆர்னிட் ஷானி என்ற ஆய்வாளர் இந்த 1985 கலவரத்தை வைத்தே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். சாதிக்குள் புகைந்ததுதான் மதச் சண்டையாகத் திரும்பியது என்பது அவர் வாதம். எனக்கு அது சரி என்றே படுகிறது.

1990-ஐயும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 7 அன்று பிரதமர் வி.பி.சிங், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கான மண்டல் பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தார். வடக்கே மாணவர்கள் தீக்குளிக்கும் அளவுக்குப் போனது. செப்டம்பர் 25-ல் அத்வானியின் ரத யாத்திரை சோமநாத்திலிருந்து கிளம்பிவிட்டது. வேலையும் படிப்பும் பற்றிய பேச்சு சில வாரங்களில் கோயிலும் மசூதியும் பற்றிய பேச்சாகிவிட்டது. வேலை கேட்ட பையன் அப்படியே நின்றான்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2016 பிப்ரவரியில் ஹரியானாவில் ஜாட் போராட்டம். ஏறக்குறைய 30 பேர் செத்தார்கள், ரோத்தக்கில் மற்ற சமூகத்தாரின் கடைகள் எரிந்தன, கால்வாயைச் சேதப்படுத்தியதில் டெல்லியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. 2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்தி மக்களுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் தரக் கூடாது என்று ஒரு பேரணி. அன்று பற்றிய தீயில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 60,000 பேர் வீடிழந்து முகாம்களுக்குப் போனார்கள். அங்கே நிலம், மலை, எல்லை என்று வேறு நூறு பிரச்னைகள் உண்டு, ஒதுக்கீடு மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தீக்குச்சியைக் கிழித்த நாள் அதுதான்.

சரி, அவ்வளவு தூரம் எதற்கு? நம் சமையலறைக்கு வருவோம்.

ஒவ்வொரு வருஷமும் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் ரேங்க் பட்டியல் வரும்போது உழவர்கரையில் பல வீடுகளில் ஒரே வசனம் கேட்கும். “எதிர் வீட்டுப் பையன் நம்ம புள்ளைய விட மார்க் கம்மி. அவனுக்குக் கதிர்காமம் மெடிக்கல் காலேஜ்ல கிடைச்சிடுச்சு. இவனுக்கு இல்ல.” அம்மா ஆதங்கத்தில் சொல்கிறார். அதில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பையன் அதை எப்படிக் கேட்கிறான் தெரியுமா? என் இடத்தை அவன் எடுத்துக்கொண்டான் என்று கேட்கிறான்.

அது உண்மையா? நம் ஊர்ப் பட்டியலில் எம்.பி.சி.க்கு 18 சதவீதம், ஓ.பி.சி.க்கு 11, எஸ்.சி.க்கு 16, இஸ்லாமியப் பிற்படுத்தப்பட்டோருக்கு 2 என்று தனித்தனியாக இருக்கிறது. எம்.பி.சி. பையனுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அவனுக்கு மேலே அதே பட்டியலில் வேறு எம்.பி.சி. பிள்ளைகள் இருந்தார்கள் என்று அர்த்தம். எதிர் வீட்டு எஸ்.சி. பையன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இவன் இடத்தை அவன் எடுக்க வழியே கிடையாது. இருவரும் சந்திக்கக்கூடிய ஒரே இடம் பொதுப்பிரிவு. அங்கே மார்க் மட்டும்தான் பேசும்.

இன்னும் நேராகச் சொன்னால், இடமே குறைவு. அரசு ஒதுக்கீட்டு இடங்களை விரல்விட்டு எண்ணி, ஆயிரக்கணக்கான வீடுகள் காத்திருக்கின்றன. ஏன் குறைவு, தனியார் கல்லூரிகளிடம் அரசு எத்தனை இடம் கேட்டுப் பெற்றது, ஏன் அதற்கு மேல் பெறவில்லை என்று கேட்கலாமே? அதைக் கேட்டால் கோபம் போக வேண்டிய முகவரிக்குப் போகும். எதிர் வீட்டுக் கதவைத் தட்டாது.

இந்தக் கணக்கை மகனுக்கோ மகளுக்கோ பேப்பரில் எழுதிக் காட்டிய பெற்றோர் எத்தனை பேர்? நம் வீட்டில் சாதிச் சான்றிதழ் எந்த பீரோவில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் வேன் வந்து நிற்கிறது.

வேனில் ஏறும் பையனுக்கு இன்னொரு விஷயமும் யாரும் சொல்வதில்லை. எதற்காகப் போகிறான்? அரசு வேலைக்காக. கூட்டத்தில் ஒருவன் கல்லெறிந்தால், அங்கே இருந்த பத்துப் பேர் பெயரும் எப்.ஐ.ஆரில் ஏறும். நாளை போலீஸ் வேலைக்கோ வேறு அரசு வேலைக்கோ தேர்வானால் முதலில் வருவது காவல்துறை சரிபார்ப்பு. நிலுவையில் வழக்கு என்று ஒரு வரி போதும். தலித் வீட்டுக்குத் தீ வைத்தது என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1989-லிருந்து இருக்கிறது. ஆயுள் தண்டனை வரை போகும், முன்ஜாமீனும் கிடைக்காது. ஒதுக்கீடு கேட்கப் போனவன் வாய்தாவுக்கு நடப்பான். அழைத்துப்போன தலைவரின் பிள்ளை எங்கே படிக்கிறான் என்று விசாரித்துப் பாருங்கள்.

சில வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். “போராடாம எது சார் கிடைச்சுது? 1987 இல்லன்னா 1989 ஏது?”

சரியான கேள்வி. 1989-ல் கலைஞர் அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனிப்பட்டியல் போட்டு 20 சதவீதம் கொடுத்தது. மறியல் நடக்காமல் அது வந்திருக்காது. நான் மறுக்கவில்லை. அந்த 20 சதவீதம் வன்னியருக்கு மட்டுமாகவும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களுக்குச் சேர்த்து வந்தது. மீனவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில் படித்தார்கள். அந்த வகையில் அந்த 21 உயிருக்கு ஊர் முழுக்கக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் நான் கேட்பது வேறு. எரிந்த குடிசைகளால் அந்த 20-ல் அரை சதவீதமாவது கூடியதா? மறியல் கோட்டைக்குக் கேட்டது. தீ யாருக்குக் கேட்டது?

அடுத்த கோரிக்கையின் கதி நமக்கே தெரியும். 2020 டிசம்பர் 1 அன்று வன்னியருக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சென்னைக்குள் போராட்டம், பெருங்களத்தூரில் ரயில் மீது கல். 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாளில், வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. காரணம்? புதிய புள்ளிவிவரம் இல்லை. கையில் இருந்தது எண்பதுகளில் அம்பாசங்கர் ஆணையம் எடுத்த பழைய கணக்கு. ஹரியானா ஜாட்களின் மத்திய ஒதுக்கீடு 2015-ல் விழுந்ததும் இதே போன்ற காரணத்தால்தான். கல்லெறிந்தால் மசோதா வரும். மசோதாவை நீதிமன்றத்தில் நிற்கவைக்க வீடு வீடாக எடுத்த கணக்கு வேண்டும்.

மருத்துவர் ராமதாஸைப் பற்றி ஒருதலையாகப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1989-ல் பாட்டாளி மக்கள் கட்சி (பா.ம.க.) தொடங்கிய காலத்தில் தலித்துகளையும் சேர்த்தே கட்சி நடத்தப் பார்த்தார். தலித் எழில்மலை அந்தக் கட்சியிலிருந்துதான் 1998-ல் மத்திய அமைச்சரானார். குடிதாங்கி கிராமத்தில் தலித் சவ ஊர்வலத்துக்கு வழிவிட மறுத்தபோது அவரே போய் நின்றார். அதற்காகத் திருமாவளவன் அவருக்குத் ‘தமிழ்க் குடிதாங்கி’ என்று பட்டம் கொடுத்தார். அந்தப் பாதையில் போயிருந்தால் வட தமிழகம் வேறு மாதிரி இருந்திருக்கும். போகவில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று வன்னியர் சங்கத்தின் மாமல்லபுரம் சித்திரைப் பௌர்ணமி விழாவுக்குப் போன கூட்டத்துக்கும் மரக்காணம் காலனிக்கும் மோதல். மறுபடி வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. நாம் சென்னைக்குப் போகிற அதே இ.சி.ஆர். சாலைதான்.

நம் ஊரிலும் இட ஒதுக்கீட்டுக்காகக் கடையடைப்பு நடந்திருக்கிறது. 2021 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இருந்த இட ஒதுக்கீடு ரத்தானபோது எதிர்க்கட்சிகள் பந்த் நடத்தின. கடை மூடியது, ஆட்டோ ஓடவில்லை, எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆனால் காலனி எரியவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அழைத்தது ஒரு சாதி இல்லை, பல கட்சிகள். எல்லாத் தெருவிலும் அந்தக் கட்சிக்காரர் இருந்தார். கோபம் அரசின் மேல் மட்டும் நின்றது.

ஆகவே மூலக்குளத்துச் சகோதரிக்கு: மகனைக் கட்டிப்போடச் சொல்லமாட்டேன். இருபது வயதுப் பிள்ளை உரிமை பற்றிப் பேசுவது நல்லதுதான். வேன் வரும்போது அழைக்க வந்தவரிடம் நீங்களே நான்கு வார்த்தை கேளுங்கள். போலீஸ் அனுமதி இருக்கிறதா? எந்த வழியாகப் போகிறீர்கள், காலனி இருக்கிற தெரு அந்த வழியில் வருகிறதா, அங்கே உள்ள பெரியவர்களிடம் முன்னாலேயே பேசியாயிற்றா? கல் எறிகிறவனைப் பிடித்து இறக்கிவிட யார் பொறுப்பு? வழக்கு வந்தால் வக்கீல் யார், செலவு யாருடையது? நல்ல அமைப்பாக இருந்தால் பதில் தயாராக இருக்கும். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா” என்று சொன்னால், மகனுக்கு அன்று வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிபட்ட முகத்தோடு ஒரு படம், ‘நம்ம ஆளை அவனுங்க...’ என்று ஆரம்பிக்கிற ஒரு குரல் பதிவு வந்தால், எந்த ஊர், எந்தத் தேதி என்று இரண்டு கேள்வி கேட்காமல் குடும்ப குரூப்பில் போடாதீர்கள். பாதிக்கு மேல் வேறு மாநிலத்துப் பழைய படமாக இருக்கும். நான் சோதித்துப் பார்த்தவரை அப்படித்தான்.

செப்டம்பர் இதழில் 1987 பற்றி வாசகர் பக்கங்கள் கொண்டுவரலாம் என்று இருக்கிறோம். அந்த வாரம் கண்டமங்கலம், கோலியனூர், விக்கிரவாண்டிப் பக்கம் இருந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மறியலில் உட்கார்ந்தவர்கள், குடிசையைப் பறிகொடுத்தவர்கள், பிரசவத்துக்குப் பஸ் இல்லாமல் நடந்தவர்கள், அடுத்த தெரு ஆட்களைத் தன் வீட்டில் படுக்கவைத்துக் காத்தவர்கள் என்று எல்லாரும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதவைத்து அனுப்புங்கள். உங்கள் பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடித்தவர் பெயரையும் போடமாட்டோம், அவர்கள் பிள்ளைகள் இங்கேதான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். ஆகஸ்ட் 10-க்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்